எட்டாம் அத்தியாயம்: கூடிச் செய்த பணியைத் திரும்பிப் பார்த்தல்

தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து, ஒருவர் முகத்தை மற்றவர் கைப்பேசித் திரையில் மாத்திரமே கண்டு, இரண்டு மாத காலம் இணையவழிக் கூட்டங்களில் பேசி ஒரு குழுத் திட்டப்பணியை முடித்த மாணவர்களிடம், அந்த அனுபவத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் 'இத்திட்டப்பணி எங்களிடம் குழு மனப்பான்மையையும் தொழில்நுட்ப அறிவையும் வளர்த்தது' என்று தொடங்கி, வழிகாட்டிக்கும் பெற்றோருக்கும் நன்றி கூறி முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு பக்கங்களை ஒரு குழுவின் ஏட்டிலிருந்து பிரித்தெடுத்து இன்னொரு குழுவின் ஏட்டில் வைத்துத் தைத்தாலும் வேறுபாடு தெரியாது. பணியைத் திட்டமிடுவது, பங்கிடுவது, கூட்டம் நடத்துவது ஆகியவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் மீள்நோக்குக் கட்டுரையைப் பற்றியது இந்த அத்தியாயம். அதற்கு ஒதுக்கப்படும் மதிப்பெண் சொற்பமாக இருக்கலாம். ஆயினும், பணியின் மற்றெல்லாப் பகுதிகளையும்விட அதிக நேர்மையையும் நிதானத்தையும் வேண்டுவது அதுவே என்பது, விருதுநகர் மாவட்டத்து மாணவர்களோடு பல வருஷங்கள் பழகியதில் எனக்கு உண்டான அபிப்பிராயம்.

தபாலில் பாடம் வந்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய பிறகு, எழுபதுகளில் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவ்வழியில் இறங்கின. விருதுநகரில் பிறந்து, குடும்பச் சூழ்நிலையால் பள்ளிப் படிப்பை இடையிலே நிறுத்திய காமராசரின் பெயரை 1978-இல் ஏற்றுக்கொண்ட அந்த மதுரைப் பல்கலைக்கழகத்தின் பாடக்கட்டு, தீப்பெட்டி ஆபீஸ் கணக்கருக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவருக்கும் வீடு தேடி வந்தது. ஆனால் அப்படிப் படித்தவர், தம்மோடு அதே பாடத்தைப் படிப்பவர் அடுத்த தெருவில் இருந்தாலும் அறியாமலே பட்டம் பெற்றுவிடலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக, மதுரை காமராசர், அண்ணா, இந்திரா காந்தி திறந்தநிலை என்னும் மூன்று பல்கலைக்கழகங்களிலும் துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமியின் முயற்சியோடு, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17-இல் தொடங்கப்பட்டபோது, கடல் கடந்த தமிழருக்கு இணையத்தின் வழியே பாடம் போயிற்று. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தோன்றிற்று. 2020 மார்ச் மாதத்து ஊரடங்குக்குப் பிறகோ, திரையில் கூடிப் படிப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. ஆகவே, தொலைவில் இருந்துகொண்டே கூடி வேலை செய்வது என்பது நம் மாணவர்களுக்கு மிகப் புதிய விஷயம். அதைப் பற்றி எழுதுவதற்கு அவர்கள் முன்னே மாதிரி எதுவும் இல்லை. வெறும் நன்றியுரைகளாக அவர்களுடைய ஏடுகள் நிறைவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதியே நான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் வழிகாட்டியாக இருந்த ஒரு குழுவை இந்த அத்தியாயம் முழுவதற்கும் உதாரணமாகக் கொள்கிறேன். கல்வியியல் படித்த ஆறு பேர் அதில் இருந்தார்கள். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியர். ஒருவர் அருப்புக்கோட்டையில் தனியார் பள்ளியில் பணியாற்றியவர். ஒருவர் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். ஒருவர் விருதுநகரில் வத்தல் மண்டிக் கணக்கர். ஒருவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவர். ஆறாமவர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டே, பட்டப்படிப்பை முடித்து மேலே படிக்க வந்த பெண். பட்டாசுத் தொழிலாளருக்கு அறைப் பாதுகாப்பைக் கற்பிக்கும் அரை மணி நேரப் பாடமொன்றைத் தயாரிப்பது அவர்களுடைய பணி. ஆறு ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தன. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஆயினும் அவர்களுக்கிடையே இருந்த தூரம், கப்பலேறிப் போனவர்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது என்பதை நான் உணர்ந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. தொலைநிலைக் கல்வியில் தூரம் என்பது நிலப்பரப்பால் அளக்கப்படுவதன்று, புரிந்துகொள்வதிலும் பேசிக்கொள்வதிலும் உண்டாகும் இடைவெளியே அது என்று கல்வியாளர் மைக்கேல் மூர் விளக்கியிருப்பதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நானே, என் குழுவில் அதைக் காணத் தவறினேன்.

கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வைத்தேன். எனக்கும் ஆசிரியர் இருவருக்கும் அது சௌகரியமான நேரம். கட்டணமில்லாமல் பயன்படுத்துபவருக்கு ஜூம் குழுக் கூட்டத்தை 40 நிமிஷத்தில் முடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு நிமிஷத்தையும் கணக்கிட்டுப் பேசினோம். முதல் மூன்று கூட்டங்களுக்கும் அந்தப் பெண் வரவில்லை. வாட்ஸப் குழுவில் நினைவூட்டல் அனுப்பினோம். பதில் வராதபோது, 'ஒத்துழைப்பு இல்லை' என்று குழுத்தலைவர் குறிப்பேட்டில் எழுதினார். நானும் அதன் கீழே கையொப்பம் இட்டேன். நான்காவது சனிக்கிழமையன்று பகலிலேயே மேற்கே மேகம் கறுத்து இடி கேட்கத் தொடங்கியதால், இடிமின்னல் வேளையில் வெடிமருந்து அறைகளில் யாரும் இருக்கக்கூடாது என்ற விதிப்படி ஆலையில் வேலையை நிறுத்தித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று அவர் கூட்டத்தில் சேர்ந்தார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"போனை கேட்டுல குடுத்துட்டுத்தான் சார் உள்ள போகணும். சாயங்காலம் வேலை முடிஞ்சு வெளிய வரும்போதுதான் திருப்பிக் குடுப்பாங்க. பஸ்ஸு பிடிச்சு வீட்டுக்கு வந்து சமைச்சு முடிக்க எட்டு மணி ஆயிரும்" என்றார்.

தீப்பொறிக்கு இடம் தரும் எந்தப் பொருளையும் வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கைப்பேசியும் அதில் சேர்ந்தது. சிவகாசியைச் சுற்றி வாழ்பவர் அனைவருக்கும் தெரிந்த விஷயம் இது. பட்டாசுப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எழுதிக்கொண்டிருந்த மற்ற ஐவருக்கும் எனக்கும் அது தெரியும். தெரிந்திருந்தும், நான்கு மணிக்கு ஏன் வரவில்லை என்று அவரைக் குற்றம் சொன்னோம்.

அன்று அவர் பேசியது சுமார் பத்து நிமிஷம். அதற்குள் எங்கள் பாடம் முழுவதும் மாறிவிட்டது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது, இரும்புக் கருவி கூடாது, பருத்தி உடையே அணிய வேண்டும், தரையில் மணலும் கல்லும் இல்லாமல் பெருக்கி வைக்க வேண்டும், குளோரேட்டையும் கந்தகத்தையும் கலக்கும் வழக்கத்தை அரசாங்கம் 1992-இல் தடைசெய்தது என்று, நூல்களைப் பார்த்து நாங்கள் அழகான அட்டைகள் தயாரித்திருந்தோம். அவற்றைத் திரையில் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது:

"ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு செவுத்துலயே எழுதிப் போட்டிருக்கு சார், அது எல்லாருக்கும் தெரியும். கூட வேலை பாக்குற அக்கா அஞ்சாவது ஆளா தூக்குச்சட்டியோட வந்து உக்காந்தா, 'எந்திரிச்சுப் போங்கக்கா'ன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதைச் சொல்லிக் குடுங்க."

விதியைக் கற்பிக்க நினைத்த பாடம், விதியை ஒரு மூத்த பெண்ணிடம் மரியாதை கெடாமல் எடுத்துச் சொல்லும் பேச்சைக் கற்பிக்கும் பாடமாக அன்று முதல் ஆயிற்று. கூட்டத்தை இரவு எட்டரைக்கு மாற்றினோம். குறிப்பேட்டில் இருந்த அந்த இரண்டு சொற்களை அடித்துவிட்டு, என் தவற்றை அதன் கீழேயே எழுதினேன்.

இனி, மீள்நோக்கை எழுதும் முறைக்கு வருவோம். மேற்சொன்ன சம்பவத்தை அந்தக் குழு முதலில் எப்படி எழுதிற்று தெரியுமா? 'குழு உறுப்பினர் ஒருவரின் ஒத்துழைப்பின்மையால் தொடக்கத்தில் பணி தாமதமாயிற்று, பின்னர் சரிசெய்யப்பட்டது.' இந்த வாக்கியத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, சாட்சியம் இல்லை. தாமதத்துக்கு ஒருவர் காரணமாகிறார். சரிசெய்தவர் யார் என்பது 'செய்யப்பட்டது' என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறது. நான் திருப்பி அனுப்பிய பின் அவர்கள் எழுதியது பின்வருமாறு: 'முதல் மூன்று கூட்டங்களுக்கும் ஓர் உறுப்பினர் வரவில்லை. நாங்கள் யாரும் அவரைத் தனியாக அழைத்துக் காரணம் கேட்கவில்லை. குழுவில் மூன்று முறை நினைவூட்டல் மட்டும் அனுப்பினோம். எங்கள் செய்திகளை அவர் பார்த்த நேரம் ஒவ்வொரு முறையும் இரவு எட்டு மணிக்கு மேல் என்பது எங்கள் கைப்பேசியிலேயே தெரிந்தது. அதைக் கவனித்திருந்தால் இரண்டாவது வாரமே கூட்டத்தின் நேரத்தை மாற்றியிருக்கலாம்.' முதல் வாக்கியத்தையும் இந்தப் பத்தியையும் அருகருகே வைத்து இரண்டு முறை படித்துப் பாருங்கள். பின்னதில் யாரையும் பழித்த சொல் இல்லை. ஆனால் நடந்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன, எந்த அறிகுறி கண்முன் இருந்தது என்ற மூன்றும் இருக்கின்றன. மீள்நோக்கு எழுத்துக்கு இம்மூன்றையும் நான் இன்றியமையாதவையாகக் கருதுகிறேன்.

இப்படி எழுத வேண்டுமானால் மூலப்பொருள் வேண்டும். அதை அவ்வப்போதே சேர்த்து வைக்க வேண்டும். கூட்டம் முடிந்த அன்றிரவே, தூங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் தம் நோட்டில் ஐந்தாறு வரி எழுதிக்கொள்ளட்டும்: யார் வந்தார், எவ்வளவு நேரம் பேசினோம், எந்த இடத்தில் தடைப்பட்டது, எனக்கு அப்போது எப்படி இருந்தது. ஒரு வாரம் கழிந்தால், நெட் அறுந்த நிமிஷத்தின் எரிச்சல் மறந்து, எல்லாம் நன்றாக நடந்தது என்ற பொதுவான ஞாபகமே எஞ்சும். இன்னொரு விஷயமும் முக்கியம்: குழுவாகக் கூடி விவாதிப்பதற்கு முன்னால் ஆறு பேரும் தனித்தனியே தங்கள் பக்கத்தை எழுதி முடித்துவிட வேண்டும். முதலில் கூடிப் பேசினால், வயதில் மூத்தவரோ தெளிவாகப் பேசுபவரோ சொல்லும் அபிப்பிராயமே ஆறு ஏடுகளிலும் இறங்கிவிடும்.

கூட்டத்தைப் பதிவு செய்திருந்தால், அனைவருடைய சம்மதத்தோடும், அதை ஒரு முறை போட்டுக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது என் குரலே பாதிக்கு மேல் ஒலித்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. அதைவிடக் கவனிக்கத்தக்க ஒன்று இருந்தது. வத்தல் மண்டிக் கணக்கர் ஒரே கூட்டத்தில் மூன்று முறை பேச வாயெடுத்து, மூன்று முறையும் நிறுத்திக்கொண்டார். இணையத்தில் ஒருவர் சொல் மற்றவர் காதுக்குப் போய்ச் சேரச் சிறிது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தால், ஒருவர் பேசத் தொடங்கியது தெரியாமல் இன்னொருவரும் தொடங்கிவிடுகிறார். இரண்டு குரல்களும் மோதும்போது, நம் ஊர் வழக்கப்படி, சிறியவர் பெரியவருக்கு விட்டுக்கொடுக்கிறார். நேரில் அமர்ந்திருந்தால், அவர் முன்னால் சாய்ந்ததைக் கண்டு 'நீங்கள் சொல்லுங்கள்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். திரையில் அந்தச் சாய்வு கண்ணுக்குப் படவில்லை. ஆகையால், மௌனமாக இருந்தவரைப் பற்றி எழுதும்போது, அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், பதிவில் அவர் எத்தனை முறை பேச முயன்று நிறுத்தினார் என்பதை எண்ணிப் பார்ப்பது நியாயம்.

கேமராவை அணைத்து வைத்திருப்பவரைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற கவலை இருக்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியைப் பிள்ளையின் படிப்புக்கும் பங்கிட வேண்டியிருக்கலாம். ஒரே அறையுள்ள வீட்டில், பின்னால் மாமியார் படுத்திருக்க, அதை ஐந்து அந்நியருக்குக் காட்ட மனம் வராமல் இருக்கலாம். இவற்றையெல்லாம் துருவிக் கேட்பது அழகன்று. ஆனால் 'முகம் காட்டவில்லை, ஆகவே ஈடுபாடில்லை' என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

மீள்நோக்குக்கு அறிஞர்கள் வகுத்த முறைகள் உண்டு. அனுபவம் தானாகவே கற்பித்துவிடாது, அதைச் சிந்தனைக்கு உள்ளாக்க வேண்டும் என்ற கருத்துக்கு ஜான் டியூயி 1910-இலேயே வித்திட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சிந்திப்பதும், முடிந்த பின் சிந்திப்பதும் வெவ்வேறு என்று டொனால்ட் ஷான் 1983-இல் பிரித்துக் காட்டினார். நம் பாடத்திட்டங்களில் அதிகம் எடுத்தாளப்படுவது, கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த சுழற்சி: நிகழ்ந்ததை விவரித்தல், உணர்ந்ததைச் சொல்லுதல், நன்மை தீமைகளை மதிப்பிடுதல், காரணத்தை ஆராய்தல், முடிவுக்கு வருதல், அடுத்த முறைக்குத் திட்டமிடுதல் என ஆறு படிகள். முதல் முறையாக எழுதுபவருக்கு இது நல்ல ஊன்றுகோல். ஆனால் ஆறு தலைப்புகளைப் போட்டு ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி நிரப்பினால், ரயில்வே முன்பதிவுப் படிவத்தைப் போல உயிரற்ற ஏடுதான் கிடைக்கும். உங்கள் பணியில் எந்தப் படி வளமானதோ அதில் இரண்டு பக்கம் தங்குங்கள். மற்றவற்றை ஒரு வரியில் கடந்து போங்கள். எங்கள் குழுவுக்குக் காரணத்தை ஆராயும் படியே எல்லாமாக இருந்தது. உணர்ச்சியைப் பற்றிய படியில் மட்டும் ஓர் எச்சரிக்கை: 'மகிழ்ச்சியாக இருந்தது' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பயந்ததையும், கோபப்பட்டதையும், ஆங்கிலச் சொல் ஒன்று புரியாமல் கேட்கவும் கூச்சப்பட்டு இருந்ததையும் எழுதுவதற்குத்தான் அந்தப் படி வைக்கப்பட்டிருக்கிறது.

காரணங்களை ஆராயும்போது கருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். 'டவர் கிடைக்கவில்லை' என்பது உண்மையாக இருக்கலாம். அது ஒரு நாளைய கதை. இம்மாவட்டத்தில் வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுப் பூஜை போட்ட பிறகு மார்கழி வரைக்கும் இரவு பகலாக ஓடும். பட்டாசு ஆலைகளில் தீபாவளி நெருங்க நெருங்க வேலை ஏறி, பண்டிகை கழிந்த பின் சில வாரம் ஓய்வு கிடைக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுதும் மின்சாரம் இராது. விருதுநகரில் பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டால் அந்த வாரம் யாரும் கூட்டத்துக்கு வர இயலாது. எங்கள் குழு பணியைத் தொடங்கியது புரட்டாசியில்! அச்சகத்து நண்பருக்கும் ஆலைப் பெண்ணுக்கும் வருஷத்திலேயே மூச்சுவிட நேரமில்லாத மாதத்தில் தொடங்கிவிட்டு, நெட் சரியில்லை என்று எழுதினால் அது யதார்த்தமாகுமா? தீபாவளிக்குப் பிந்திய மூன்று வாரங்களில் நாங்கள் செய்த வேலை, அதற்கு முந்திய ஆறு வாரங்களில் செய்ததைவிட அதிகம். இந்த ஒரு வாக்கியம் அவர்களுடைய இறுதி ஏட்டில் இடம்பெற்றபோது, அது அடுத்த வருஷத்துக் குழுவுக்கு உண்மையாகவே பயன்படும் திட்டமாக ஆயிற்று.

சக உறுப்பினர் மெய்யாகவே வேலை செய்யாமல் இருந்தால் என்ன எழுதுவது என்று மாணவர்கள் என்னிடம் தயக்கத்தோடு கேட்பதுண்டு. அதையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவருடைய சுபாவத்தைப் பற்றி எழுதாமல், ஏற்றுக்கொண்ட வேலை என்ன, எந்தத் தேதிக்குள் தருவதாக இருந்தது, தராதபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஏட்டைச் சமர்ப்பிக்கும் முன் அந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டக் கூசும் வாக்கியம் எதுவோ அதைத் திருத்த வேண்டும்.

வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு விண்ணப்பம் உண்டு. தன் தவற்றை ஒளிக்காமல் எழுதிய குழுவுக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, குறையே இல்லாததுபோல் எழுதிய குழுவுக்குக் கூட்டிக் கொடுத்தால், அடுத்த வருஷம் முதல் உண்மையை எழுத ஒருவரும் துணியமாட்டார்கள். கூட்ட நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை ரயிலேறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். கற்பதற்காக அவ்வளவு தூரம் போன ஊரில், வேலைக்களத்திலிருந்து கல்வி தேடி வரும் ஒருவரை, நேரம் பொருந்தவில்லை என்பதற்காக நாம் இழந்துவிடக் கூடாது. நேரம் மாற்றிய பின் நடந்த ஐந்து கூட்டங்களில் அந்தப் பெண் நான்குக்கு வந்தார். பாடத்தில் வரும் உரையாடல் முழுவதையும் எழுதியவர் அவரே.

ஆகவே, அடுத்த பணியைத் தொடங்கும் அன்று, தலைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், ஒவ்வோர் உறுப்பினரும் வேலை முடிந்து கைப்பேசியைக் கையில் வாங்கும் நேரம் எது என்று கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.